எடை தூக்கினால் மார்புப் பெருக்கம் மறையுமா?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சிலரைக் கவனித்துப் பாருங்கள். கொளுத்தும் கோடையிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் அணிந்திருப்பர். கிணற்றில் குதித்து நீந்த எல்லாரும் சட்டையைக் கழற்றும்போது இவர்கள் மட்டும் கரையில் உட்கார்ந்திருப்பர். கபடி ஆட அழைத்தால் கால் வலிக்கிறது என்பர். உண்மையான காரணம் காலில் இல்லை. மார்பின் இரு பக்கமும், அல்லது ஒரு பக்கம் மட்டும், சற்றே புடைத்திருக்கிறது. பிறர் கேலி செய்வார்களோ என்னும் அச்சமே அவர்களை ஒதுங்கச் செய்கிறது.

இத்தகைய மாணவனுக்கு யாரேனும் ஒருவர் அறிவுரை கூறுகிறார்: "தினமும் தண்டால் எடு, பெஞ்சில் படுத்து எடை தூக்கு, ஒரே மாதத்தில் எல்லாம் கரைந்துவிடும்." மாணவன் அப்படியே செய்கிறான். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகிறது. புடைப்பு போகவில்லை. தன் முயற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகத் தூக்குகிறான். அடுத்து யாரோ ஒரு மாவு டப்பாவை வாங்கச் சொல்கிறார். அதற்கும் அடுத்து ஊசி. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் இதைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். எடை தூக்குவது வேலை. கொழுப்பு என்பது சேமித்து வைத்த ஆற்றல். வேலையும் ஆற்றலும் நம் பாடப் புத்தகத்தில் உள்ளவையே. பாடத்தில் படித்ததைத் தன் உடலுக்கும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. மாணவிகளும் இதைப் படிக்கலாம். உங்கள் தம்பிக்கோ அண்ணனுக்கோ இது பயன்படும்.

மார்பின் அடுக்குகள்

முதலில் ஆணின் மார்பில் என்னென்ன உள்ளன என்று காண்போம். வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிச் சென்றால் முதலில் வருவது தோல். அதன் கீழ் கொழுப்புத் திசு. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு நேர் கீழே சிறிதளவு சுரப்பித் திசு. இவற்றுக்கெல்லாம் அடியில், ஓர் உறையால் பிரிக்கப்பட்டு, விசிறி போல் விரிந்த பெரிய மார்புத் தசை. தசைக்கும் கீழே விலா எலும்புகள்.

ஆணுக்குச் சுரப்பித் திசு ஏது என்று வியப்படைய வேண்டாம். தாயின் வயிற்றில் கரு வளரும்போது, ஆண் பெண் என்னும் வேறுபாடு உருவாவதற்கு முன்பே மார்பின் அடிப்படை அமைப்பு தோன்றிவிடுகிறது. அதனால்தான் ஆண்களுக்கும் காம்பு இருக்கிறது. அதன் கீழே மெல்லிய நாளங்கள் சிலவும் இருக்கின்றன. சாதாரணமாக அவை வளராமல் அப்படியே இருந்துவிடும். அவை வளர்ந்து பெருக்கும் நிலைக்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். பெண், மார்பு என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது.

இது இக்காலத்துப் புது நோயன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஜினாவின் பால் என்னும் கிரேக்க மருத்துவர், ஆண்களின் மார்புப் பெருக்கத்தை அறுவை செய்து நீக்கும் முறையைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அன்றும் ஆண்கள் இதற்காக வெட்கப்பட்டார்கள் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்த அடுக்குகளை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தண்டால் எடுக்கும்போது வேலை செய்வது அடியில் உள்ள தசை. புடைத்திருப்பதோ அதற்கு மேலே உள்ள சுரப்பித் திசு, அல்லது கொழுப்பு, அல்லது இரண்டும். நம் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பருவ வயதில் ஏன் வருகிறது?

மார்பின் சுரப்பித் திசுவுக்கு இரண்டு கட்டளைகள் வருகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் "வளர்" என்கிறது. டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஆண் ஹார்மோன்கள் "வளராதே" என்கின்றன. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் உண்டு. அளவில்தான் வேறுபாடு. ஆகவே தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்பதே முக்கியம்.

பருவம் அடையும் காலத்தில் சிறுவனின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 30 மடங்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ 3 மடங்கும் உயர்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உயர்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் முந்திக்கொண்டு தன் முழு அளவை எட்டிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் பின்தங்கி வந்து சேர்கிறது. இடைப்பட்ட காலத்தில் தராசு ஈஸ்ட்ரோஜன் பக்கம் சற்றே சாய்கிறது. அப்போது காம்பின் கீழ் நாணயம் போன்ற ஒரு தட்டு தோன்றலாம். தொட்டால் சற்று வலிக்கலாம். ஒரு பக்கம் முதலிலும் மறு பக்கம் பிறகும் தோன்றலாம்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுபட்டாலும், பருவ வயதுச் சிறுவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிறிதளவேனும் வருகிறது எனலாம். 13, 14 வயதில் இது மிகுதியாகக் காணப்படும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டுமே 17 வயதுக்குப் பின்னும் நிலைத்து நிற்கும். ஆகவே வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தால், அந்த ஒருவனுக்கு மட்டும் வந்த விந்தையன்று இது. சட்டைக்குள் மறைத்திருப்பதால் ஒவ்வொருவனும் தனக்கு மட்டுமே வந்ததாக எண்ணிக்கொள்கிறான்.

பிறந்த குழந்தைக்கும் இது வருவதுண்டு. தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களால் ஆண் குழந்தையின் மார்பும் சில வாரங்கள் வீங்கியிருக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் அதைப் பிதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அது கூடாது, சீழ் பிடிக்க இடமுண்டு. முதுமையில் டெஸ்டோஸ்டிரோன் குறையும்போதும் மார்புப் பெருக்கம் வரலாம். மூன்று பருவங்களிலும் காரணம் தராசின் சாய்வே.

சுரப்பியா, கொழுப்பா?

பருத்த உடல் உள்ளவர்களுக்குச் சுரப்பித் திசு வளராமலே, வெறும் கொழுப்பு சேர்வதாலும் மார்பு பெருத்துத் தோன்றும். மருத்துவர்கள் இதைப் போலிப் பெருக்கம் என்று பிரித்துச் சொல்வர்.

வேறுபாடு காண மருத்துவர்கள் கையாளும் முறை எளிமையானது. மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு புறமும் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். காம்பின் கீழ் ரப்பர் போன்ற உறுதியான தட்டு ஒன்று விரல்களுக்கு இடையே தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. எதுவும் தட்டுப்படாமல் வயிற்றுச் சதை போல் எங்கும் மென்மையாக இருந்தால் அது கொழுப்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். முடிவாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

பருத்த உடலுக்கும் ஹார்மோனுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் இம்மாற்றமும் மிகும். அரோமடேஸ் என்னும் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் மீண்டும் வரும்.

கொழுப்பு கரைந்து எங்கே போகிறது?

இனி எடைப் பயிற்சிக்கு வருவோம். முதலில் கொழுப்பை எடுத்துக்கொள்வோம்.

"மார்புப் பயிற்சி செய்தால் மார்பின் கொழுப்பு கரையும், வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றின் கொழுப்பு கரையும்" என்பது பலருடைய நம்பிக்கை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கொழுப்பு எரியும் வழியை அறிந்தால் இது சரியன்று என்பது விளங்கும்.

நம் உடலில் உள்ள கொழுப்பின் ஒரு மூலக்கூற்றில் சராசரியாக 55 கார்பன் அணுக்கள், 104 ஹைட்ரஜன் அணுக்கள், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன எனக் கொள்ளலாம். அது முழுதும் எரிய 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. எரிந்தபின் கிடைப்பவை 55 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 52 நீர் மூலக்கூறுகளும். இரு பக்கமும் அணுக்களை எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். இக்கணக்கை விரிவாகச் செய்து 2014ஆம் ஆண்டு வெளியிட்டவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபென் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவர். அவர்களுள் மீர்மன் இயற்பியல் படித்தவர். ஒருவர் 10 கிலோகிராம் கொழுப்பை இழந்தால் அதில் 8.4 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே வெளியேறுகிறது என்றும், மீதி 1.6 கிலோகிராம் நீராகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். கொழுப்பு வியர்வையாக உருகி வழிவதில்லை. தோலை இறுக்கிக் கட்டினாலும் தேய்த்தாலும் அது கரைந்துவிடாது. மூச்சு வழியே வெளியேறுவதே அதன் பெருவழி.

உடற்பயிற்சியின்போது உடலெங்கும் உள்ள கொழுப்புச் செல்கள் ஹார்மோன்களின் தூண்டுதலால் கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடுகின்றன. வேலை செய்யும் தசை தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக் கொழுப்பு, தூரத்து வீட்டுக் கொழுப்பு என்று அது பார்ப்பதில்லை. ஊர்க் குளத்தின் ஒரு படித்துறையில் மட்டும் குடம் குடமாக நீர் மொண்டாலும் அந்தத் துறையில் மட்டும் பள்ளம் விழுவதில்லை. குளம் முழுவதும் நீர்மட்டம் தாழ்கிறது. கொழுப்பும் அதைப் போன்றதே. ஆனால் உவமையை ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குளத்து நீர் எங்கும் ஒரே சீராகத் தாழும். உடல் கொழுப்போ சில இடங்களில் விரைவாகவும் சில இடங்களில் மெதுவாகவும் குறையும். எந்த இடம் முதலில் என்பதை நம் பரம்பரையும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன. நாம் செய்யும் பயிற்சி முடிவு செய்வதில்லை.

இது வெறும் ஊகமன்று. இரண்டு சோதனைகளைக் காண்போம்.

முதலாவது, 1971இல் அமெரிக்காவில் க்வினப் என்பவரும் துணைவர்களும் வெளியிட்டது. அவர்கள் டென்னிஸ் விளையாட்டு வீரர்களின் இரு கைகளையும் அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கை ஆண்டுக்கணக்கில் கடுமையாக உழைக்கிறது. மற்றொரு கை அவ்வளவு உழைப்பதில்லை. இரண்டும் ஒரே உடலைச் சேர்ந்தவை. ஒரே உணவு, ஒரே இரத்தம். சோதனைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடைப்பது அரிது. உழைத்த கை பருமனாக இருந்தது, தசை வளர்ந்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிப்பில் இரு கைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இரண்டாவது, 1984இல் வெளிவந்தது. 13 ஆண்கள் 27 நாட்களில் ஒவ்வொருவரும் 5,004 முறை மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியைச் செய்தனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வயிறு, முதுகு, பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புச் செல்களை எடுத்து அளந்தனர். வயிற்றின் செல்கள் மட்டும் தனியாகச் சுருங்கினவா? இல்லை. மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன.

உழைக்கும் தசைக்கு அருகில் சற்றுக் கூடுதலாகக் கரையலாம் என்று கூறும் சிறு ஆய்வுகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. எனினும் தண்டாலை மட்டும் நம்பி மார்பின் கொழுப்பைத் தனியே கரைக்கலாம் என்று சொல்ல அவை போதா.

ஒரு சிறு கணக்கு

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்து 20 கிலோகிராம் எடையை அரை மீட்டர் உயரம் தள்ளுவதாகக் கொள்வோம். கைகளின் சொந்த எடையை இங்கே சேர்க்கவில்லை.

ஒரு முறை தூக்கச் செய்யும் வேலை = 20 × 9.8 × 0.5 = 98 ஜூல்.

30 முறை தூக்க = 2,940 ஜூல்; ஏறத்தாழ 3,000 ஜூல்.

நம் தசை ஒரு திறமையான எந்திரமன்று. செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கே வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. உடற்பயிற்சி செய்தால் உடல் சூடாவது இதனால்தான். ஆகவே உண்மையான செலவு 15,000 ஜூல். ஒரு கிலோ கலோரி என்பது ஏறத்தாழ 4,200 ஜூல். எனவே 3.6 கிலோ கலோரி. எடையை இறக்கும்போதும் தசை சிறிது ஆற்றலைச் செலவிடுகிறது. அதற்கும் தாராளமாக இடம் விட்டு 5 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் இட்லியில் சுமார் 50 கிலோ கலோரி உள்ளது. அதைச் செலவழிக்க 300 முறை தூக்க வேண்டும்! உடல் கொழுப்பு ஒரு கிலோகிராமில் சுமார் 7,700 கிலோ கலோரி சேமிப்பு இருக்கிறது. அதைத் தீர்க்க 46,200 முறை தூக்க வேண்டும். நாளொன்றுக்கு 30 முறை என்றால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதோடு நடையை ஒப்பிடுவோம். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா இருப்பதைவிடச் சுமார் 125 கிலோ கலோரி கூடுதலாகச் செலவாகும். அப்படியே நாள்தோறும் நடந்து, உண்பதையும் கூட்டாமல் இருந்தால், ஏறக்குறைய 62 நாட்களில் ஒரு கிலோகிராம் கொழுப்புக்குரிய ஆற்றல் செலவாகிவிடும். நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்று பெரிய தசைகள் நெடுநேரம் உழைக்கும் பயிற்சிகளே கொழுப்பின் கணக்கில் முன்னிற்கின்றன என்பது தெளிவு. வளரும் வயதில் பட்டினி கிடப்பது தவறு. எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை நீர்ப் பானங்கள் ஆகியவற்றைக் குறைத்தாலே போதும்.

சுரப்பித் திசுவின் கதையே வேறு. அது எரிபொருள் கிடங்கன்று. உடலுக்கு ஆற்றல் வேண்டும்போது அதை எடுத்து எரிப்பதில்லை. எவ்வளவு நடந்தாலும், எவ்வளவு எடை தூக்கினாலும் அதற்கு நேரடியான விளைவு இல்லை. எடை தூக்கியவுடன் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சிறிது உயர்வது உண்மைதான். ஆனால் விரைவிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். வளர்ந்துவிட்ட சுரப்பியைச் சுருக்க அது போதாது.

அப்படியானால் எடைப் பயிற்சியால் பயனே இல்லையா?

உண்டு. எதற்குப் பயன் என்று அறிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

எடைப் பயிற்சி தசையைப் பெருக்குகிறது, வலிமை தருகிறது. எலும்புக்கும் நல்லது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892இல் நூலாக எழுதினார். தோளும் முதுகும் உறுதிப்பட்டால் கூனிக் குறுகி நிற்கும் பழக்கம் மாறும். வெட்கத்தால் மார்பைக் குறுக்கி நடக்கும் மாணவனுக்கு இது சிறிய பயனன்று. கொழுப்பால் மட்டுமே பருத்த மார்புடையவன், நடையோடும் அளவான உணவோடும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தால், மொத்தக் கொழுப்பு குறையக் குறைய மார்பும் குறையும். அடியில் தசை வளர்ந்து வடிவமும் திருந்தும்.

சுரப்பித் திசு உள்ளவனுக்கோ இதற்கு நேர்மாறாகவும் தோன்றலாம். அடியிலுள்ள தசை தடித்தால் மேலே உள்ள தட்டு இன்னும் முன்னே தள்ளப்படும். சுற்றியுள்ள கொழுப்பு குறைந்தால் தட்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும். கட்டுடல் உள்ளவர்களிடம் கூடக் காம்பின் கீழ் சிறு புடைப்பைக் காண்பதற்கு இது ஒரு காரணம். இதை முன்னரே அறிந்தவன் மனம் உடைய மாட்டான்.

வளரும் வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். முறையான மேற்பார்வையில், சரியான முறையில், தாங்கக்கூடிய எடையோடு செய்தால் அப்படி நிகழ்வதாகச் சான்று இல்லை. போட்டிக்காக மிகுந்த எடையை வீம்பாகத் தூக்குவதுதான் ஆபத்து.

செய்து பாருங்கள்: இரும்பு எடை இல்லாதவர் கவலைப்பட வேண்டாம், உங்கள் உடலே எடைதான். எடை பார்க்கும் தட்டு ஒன்றைத் தரையில் வையுங்கள். அதே உயரத்தில் ஒரு பலகையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கையைத் தட்டிலும் மற்றதைப் பலகையிலும் ஊன்றித் தண்டால் நிலையில் நில்லுங்கள். தட்டு காட்டுவதை இரண்டால் பெருக்குங்கள். 50 கிலோகிராம் உள்ளவருக்கு ஏறத்தாழ 32 கிலோகிராம் வரும். மீதியைக் கால் விரல்கள் தாங்குகின்றன. இப்போது கைகளை ஒரு திண்ணையின் விளிம்பில் ஊன்றித் தண்டால் எடுத்துப் பாருங்கள். கைகளுக்குச் சுமை குறைவதை உணர்வீர்கள். இது நெம்புகோல் பாடமே. கால் விரல்கள் சுழல்புள்ளி, உடலின் ஈர்ப்பு மையம் சுமை, கைகள் திறன். தொடக்க நிலையினர் சுவரில், பிறகு திண்ணையில், பிறகு தரையில் என்று படிப்படியாக முன்னேறலாம்.

ஊசியும் மாவும்

பயிற்சியால் புடைப்பு போகாதபோது சிலர் விற்கும் குறுக்கு வழி ஊசியும் மாத்திரையும். அவற்றுள் பல டெஸ்டோஸ்டிரோனும் அதைப் போன்று செயற்கையாக ஆக்கப்பட்ட ஸ்டீராய்டுகளும் ஆகும். டெஸ்டோஸ்டிரோனை 1935இல் பூட்டனான்ட், ரூசிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே செயற்கையாக உருவாக்கினர். 1939ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயுற்றவர்களுக்கு அது நல்ல மருந்து. நலமுள்ள மாணவனுக்கு என்ன செய்யும்?

அரோமடேஸ் நினைவிருக்கிறதா? வெளியிலிருந்து மிகுதியாக வந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பித் திசுவிடம் "வளர்" என்கிறது. மார்புப் பெருக்கத்தைப் போக்கப் போட்ட ஊசி மார்புப் பெருக்கத்தையே வளர்க்கிறது!

இதோடு முடியவில்லை. மின் இஸ்திரிப் பெட்டியில் சூடு போதிய அளவு வந்ததும் மின்சாரம் தானே நின்றுவிடும் அல்லவா? அதைப் போலவே, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருப்பதாக அறிந்ததும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. விரைகள் வேலையிழந்து சுருங்குகின்றன. ஊசியை நிறுத்தியபின் சொந்த உற்பத்தி மீள மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் தராசு மீண்டும் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்கிறது. மேலும், வளரும் வயதில் இம்மருந்துகள் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடுகின்றன. அதன்பின் உயரம் கூடாது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது இந்த ஊசிக்குத்தான்.

உடற்பயிற்சிக்கூடங்களில் விற்கும் மாவுகளில் வெறும் பால் புரதம் மட்டுமே உள்ளவை உண்டு. ஆனால் டப்பாவின் மேல் எழுதாத ஸ்டீராய்டு கலந்தவை பல நாடுகளில் பிடிபட்டுள்ளன. கடலை, பயறு, முட்டை, பால், மீன் ஆகியவற்றில் உள்ள புரதம் மாணவனுக்குப் போதும்.

மருத்துவரிடம் எப்போது செல்வது?

பருவ வயதில் வந்து, பெரிதாக வளராமல் இருந்தால் பொறுத்திருப்பதே பெரும்பாலும் சிறந்த மருத்துவம். கீழ்க்கண்ட நிலைகளில் காத்திராமல் பெற்றோரிடம் கூறி மருத்துவரைக் காண வேண்டும்: பருவ மாற்றங்கள் தொடங்குமுன்பே மார்பு பெருத்தல்; மிக விரைவாகப் பெருத்தல்; காம்பின் நேர் கீழே இல்லாமல் ஒரு பக்கமாகக் கல் போன்ற கட்டி; காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் வடிதல்; விரையில் கட்டி; இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் குறையாமை. சில மருந்துகளாலும், கல்லீரல், தைராய்டு நோய்களாலும் கூட இது வரலாம். ஆகவே உண்ணும் மருந்துகளை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் விவரித்த இந்நிலையிலும் மார்பு பெருக்கும்.

புதிதாகத் தோன்றிய சுரப்பித் திசு மென்மையானது, மருந்துக்குக் கட்டுப்படக்கூடும். அதைத் தரலாமா என்பதைச் சிறப்பு மருத்துவர் முடிவு செய்வார். ஓர் ஆண்டுக்கு மேல் நிலைத்தால் திசு நார் போல் இறுகிவிடுகிறது. பிறகு மருந்து பயன் தருவது அரிது. அப்போதும் அது மனத்தை வருத்துமானால் வழி அறுவை சிகிச்சையே. கருவட்டத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறித் தட்டை எடுத்துவிடுவார்கள். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்வது பொது வழக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்குரிய பிளாஸ்டிக் அறுவைப் பிரிவு உள்ளது. விளம்பரத்தைப் பார்த்து ஓடவேண்டியதில்லை.

தொகுத்துக் கூறின்

எடைப் பயிற்சி தசையை வளர்க்கும். கொழுப்பை மொத்த உடலிலிருந்தே குறைக்கும். அதிலும் அதன் பங்கு சிறிது. சுரப்பித் திசுவை அது குறைக்காது. பருவ வயதில் அந்தச் சுரப்பித் திசுவைப் பெரும்பாலும் காலமே குறைத்துவிடுகிறது. ஒருவன் எடை தூக்கத் தொடங்கிய ஓராண்டில் அவனுடைய மார்பு சரியாகிவிட்டால், "எடை தூக்கியதால்தான்" என்று அவன் எல்லாரிடமும் சொல்வான். எடை தூக்காத அவன் நண்பனுக்கும் அதே ஓராண்டில் சரியாகியிருக்கும். அவன் யாரிடமும் சொல்லமாட்டான். தவறான நம்பிக்கை இவ்வாறுதான் பரவுகிறது. சோதனையில் ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அதுவரை அந்த நண்பனைக் கிணற்றங்கரையில் தனியே உட்கார வைக்காதீர்கள். சட்டையோடு வந்தாலும் நீந்த அழையுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. டென்னிஸ் வீரரின் இரு கைகளை ஒப்பிடுவது, ஒரு வீரரின் கையையும் விளையாடாத வேறொருவரின் கையையும் ஒப்பிடுவதைவிட ஏன் சிறந்தது?

2. 40 கிலோகிராம் எடையை 0.4 மீட்டர் உயரம் 25 முறை தூக்கினால் செய்யும் வேலை எவ்வளவு? தசையின் திறமை ஐந்தில் ஒரு பங்கு எனில், தூக்குவதற்கு மட்டும் எத்தனை கிலோ கலோரி செலவாகும்?

3. நன்றாக வியர்த்தபின் எடை பார்த்தால் ஒரு கிலோகிராம் குறைந்திருக்கிறது. தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடுகிறது. குறைந்தது கொழுப்பா? உங்கள் விடைக்குக் காரணம் கூறுக.

4. "இந்த எண்ணெயைத் தேய்த்தால் ஆறு மாதத்தில் மார்புப் பெருக்கம் மறையும்" என்று 14 வயதுச் சிறுவர்களுக்கு ஒரு விளம்பரம் கூறுகிறது. எண்ணெயில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பலர் அதைப் பாராட்டுவார்கள். ஏன்? எண்ணெய்க்கு உண்மையில் பயன் உண்டா என்று கண்டறிய ஒரு சோதனை வகுத்துக் காட்டுக.